பயனாளிகள் எண்ணிக்கை

விண்ணப்பத்தின் ஏழாம் கேள்வி:
நேரடிப் பயனாளிகள் எத்தனை பேர்?
விடைக்குக் கட்டம் போட்டிருந்தார்கள்,
மூன்று இலக்கத்துக்கு மூன்று கட்டம்.

அதற்காகத்தான் ஒரு கிழமை முழுக்க
காலை ஆறேகாலுக்கு
அராலிப் பாலத்துக் கட்டில்
நானும் நிதுர்சனும் எமில்டாவும்
கொப்பியும் கையுமாய்க் குந்தியிருந்தோம்.

போன தவணை, இரசாயனவியல் சோதனையன்று,
நடுப்பாலத்தில் எமில்டாவின் பின் ரயர் காற்றுப் போனது.
இரண்டு பக்கமும் பரவைக்கடல்,
காக்கைதீவு வரை கடையென்று ஒன்றில்லை.
உருட்டிக்கொண்டு வந்தவள்
கடைசி நாற்பது நிமிடம் மட்டும் எழுதினாள்.
"இதையே போடுவம்" என்றான் நிதுர்சன்.
பாலத்தடியில் ஒரு கால்பம்பி, ஒட்டுப் பெட்டி,
மேலே நாலு தகரம்.
வென்றால் ஒன்றரை லட்சம்.

வெள்ளைச் சட்டைகள் வந்தன,
சோளகம் பக்கவாட்டில் தள்ளத் தள்ள
சாய்ந்து மிதித்துக்கொண்டு.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
மீன்பெட்டி கட்டிய ஒருவர் போனார்.
"மாணவர் எண்டுதான் போட்டிருக்கு."
"அவற்றை சைக்கிளுக்கும் காத்துத்தானே அடிக்க வேணும்?"
சண்டை முடியுமுன் அவர் போய்விட்டார்.
ஏழு மணிக்கு நாங்களும் ஏறிவிடுவோம்.
ஏழரைக்கு மணி அடித்தால் படலை பூட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு.
மூன்று கட்டமும் நிறைந்தது.

கணக்கு என்னுடையது.
"நிலைபேறு எவ்வாறு உறுதிசெய்யப்படும்?" என்ற இடத்தில்
நிதுர்சன் எழுதினான்: சமூகப் பொறுப்புணர்வு.
அதற்குக் கீழே நான் எழுதினேன்:
சங்கிலியும் பூட்டும், ரூபா 1,850.

மண்டபத்தில் ஏசி, கை விறைத்தது.
ஏழு நிமிடத்தில் சொல்லி முடித்தோம்.
நீலச் சேலை கட்டிய நடுவர்
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
"இந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரிலை
போன மாதம் எத்தனை பேருக்குக் காத்துப் போனது?"

நிதுர்சன் என்னைப் பார்த்தான்.
நான் எமில்டாவைப் பார்த்தேன்.
எமில்டா கையைத் தூக்கினாள்.

பரிசு வேறு பள்ளிக்கூடத்துக்கு.
எங்களுக்குச் சான்றிதழும் ஆளுக்கொரு ரோல்ஸும்.
நிதுர்சனுக்கு ஒரு 'ர்' குறைந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை
காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்றுவிட்டு
ஏழே முக்காலுக்குப் பாலம் ஏறினேன்.
எதிரே யாருமில்லை. முன்னால் ஒரு பிள்ளை
சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறாள்.
பின்னால் அவளுடைய தம்பி,
இரண்டு புத்தகப்பையும் அவன் முதுகில்.
அவசரப்படவில்லை இரண்டு பேரும்.
பிந்துவதற்கும் ஒரு பழக்கம் வரும் போல.

"ஒவ்வொரு நாளுமோ?"
"கிழமையிலை ரெண்டு மூண்டு நாள்.
ரியூப்பிலை இனி ஒட்ட இடமில்லை அக்கா."
கொஞ்சத் தூரம் பேசாமல் நடந்தோம்.
"பாலத்திலை இருந்து எண்ணினது நீங்கள்தானாம்.
பெடியள் சொன்னவங்கள்.
நாங்கள் வரேக்கை நீங்கள் போட்டியள்."

குற்றம் சொல்லவில்லை அவள்.
பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள்.

இந்த வருடத்துப் படிவம் வந்திருக்கிறது.
அதே ஏழாம் கேள்வி, அதே மூன்று கட்டம்.
நேற்று ஏழு மணிக்குப் போய்
எட்டரை வரைக்கும் இருந்தோம்.
ஐந்து சைக்கிள். மூன்று உருட்டல்.
ஒன்றின் செயின் கையில்.
ஐந்தாவது மீன்பெட்டிக்காரர்.
இந்த முறை அவருக்கும் ஒரு கோடு.

படலையடியில் பிந்தி வந்தோர் பதிவேடு.
பெயர், வகுப்பு, காரணம்.
மாணவ தலைவன் பேனையை நீட்டினான்.
எண்ணிக்கொண்டிருந்தோம் என்று எழுதினேன்.
"என்னத்தை?" என்றான்.